சுவரில் எழுதிய நீர்க் கணக்கு

சித்தூர் மாவட்டத்து உழவர் ஒருவரின் கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்தால் அவர் என்ன செய்வார்? கிணற்றை ஆழப்படுத்துவார், அதுவும் பயன்படாவிடில் ஆழ்துளைக் கிணறு போடுவார். அடுத்த நிலத்துக்காரரும் அதே காரணத்துக்காக அதையே செய்வார். தனித்தனியே பார்த்தால் இருவர் முடிவும் சரியானதே. ஆனால் இருவரும் ஒரே பாறை வெடிப்பில் தேங்கியுள்ள ஒரே நீரைத்தான் இறைக்கின்றனர். ஊரில் ஒவ்வொருவரும் சரியாகக் கணக்கிட்டுச் செயல்பட, ஊர் முழுவதும் கடனாளியாகிறது. பொருளியல் மாணவர்கள் பொதுச் சொத்து பற்றிய பாடத்தில் பயிலும் சிக்கல் இது. ஏட்டில் உள்ளதைவிட இது இங்குக் கடினமானது. ஏனெனில், மேய்ச்சல் நிலம் தேய்வதை ஊரார் கண்ணால் காண்கின்றனர். நிலத்தடி நீர் தேய்வதை எவரும் காண்பதில்லை.

காணாத ஒன்றைக் குறித்து ஒரு குழு கூடி முடிவெடுக்க வேண்டுமானால், முதலில் அது கண்ணில் பட வேண்டும். வரைபடம், நிறம், குறி, எண் ஆகியவற்றைக் கொண்டு ஊராரே தம் நிலைமையைத் தம் முன் வரைந்து வைத்துக்கொண்டு சிந்திக்கும் முறையைக் காட்சிவழிச் சிந்தனை எனலாம். இம்முறை ஊரக வளர்ச்சிப் பணியில் எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே நின்றுவிடும் என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

நிலமும் நீரும்

1911-ல் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேசத்தின் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது திருப்பதி, சிறீகாளத்தி முதலிய கிழக்குப் பகுதிகள் திருப்பதி மாவட்டமாயின. மதனப்பள்ளிப் பகுதியும் வேறு மாவட்டத்துக்குச் சென்றது. இக்கட்டுரையில் சித்தூர் என்பது பெரும்பாலும் பிரிவினைக்கு முந்திய பழைய மாவட்டத்தையே குறிக்கும்.

பழைய மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அண்டை மாவட்டமான அனந்தப்பூரோடு ஒப்பிட்டால் இது தாராளமான அளவே. ஆனால் சராசரி என்பது அலுவலகத்துக்கு உதவும் அளவுக்கு வயலுக்கு உதவுவதில்லை. கிழக்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர், குப்பம் மேட்டு நிலங்கள் குறைவாகவே பெறுகின்றன. ஓராண்டின் மழைக்கும் அடுத்த ஆண்டின் மழைக்கும் உள்ள வேறுபாடும் பெரிது. சுவர்ணமுகி முதலிய ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றன. நிலத்தின் அடியில் இருப்பது கருங்கல் பாறை. ஆற்றுச் சமவெளி மணலைப் போல அது நீரைத் தேக்கி வைப்பதில்லை. மேற்பகுதியில் சிதைந்த பாறையிலும், அதன் கீழே அங்கங்கே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கிறது.

முன்னோர் இவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏரி குளங்களை அமைத்தனர். ஏரிப் பாசனத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கரையில் நின்றால் யாரும் காணலாம். நீர் பாதிதான் நிறைந்தது என்றால், அவ்வாண்டு எந்த வயல்வரை பாசனம் என்பதை ஊர் கூடித் தீர்மானிக்க முடியும். மடையைத் திறந்து மூடும் பொறுப்பை நீர்க்கட்டி ஏற்பார். ஏரி நிருவாகத்தில் சாதி ஏற்றத்தாழ்வும் வல்லான் வகுத்த வழியும் இல்லாமல் இல்லை. ஆயினும் பங்கிட வேண்டிய பொருள் எல்லோர் கண்முன்னும் இருந்தது. பாசனம் ஏரியிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து ஆழ்துளைக்கும் மாறியபோது அந்தப் பொருள் மறைந்தது. அதனோடு ஊர்க்கூட்டத்துக்கான காரணமும் மறைந்தது. ஆயிரம் அடியை எட்டிய துளைகளும் இவ்வட்டாரத்தில் உண்டு. நீர் கிடைக்காத துளைக்கும் தோண்டுகூலி கொடுத்தாக வேண்டும் என்பதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

காட்டும் படமும் வரையும் படமும்

படத்தைக் கொண்டு மக்களிடம் பேசுவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சிறீகாளத்தியின் கலம்காரித் துணிகளில் இராமாயண, பாரதக் கதைகள் கட்டம் கட்டமாக வரையப்பட்டு, கீழே தெலுங்கில் விளக்கமும் எழுதப்படும். மூங்கில் எழுதுகோலால் வரையப்படும் இத்துணிகள் கோயில்களில் தொங்கவிடப்பட்டன; எழுத்தறியாதவரும் கதையைக் கண்ணால் படித்தனர். நலிந்திருந்த இக்கலைக்கு 1950-களில் பயிற்சி நிலையம் அமைத்து மறுவாழ்வு அளித்ததில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் பங்கு பெரிது.

1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல் அரசுத் துறைகளும் படங்களைக் கையாண்டு வந்துள்ளன. சுவரொட்டி, படச்சுருள், ஒட்டுப்பலகை, மாலை நேரத் திரைப்படம் என்று அவை பலவாகும். 1960-களின் இறுதியில் வந்த குடும்பநலச் சிவப்பு முக்கோணத்தை நாட்டில் அறியாதவர் இல்லை. ஆயினும் கலம்காரித் துணிக்கும் சிவப்பு முக்கோணத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: வரைபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். செய்தியை அறிவிக்க இது போதும். ஒரு குழு தன் வழக்கத்தையே மாற்றிக்கொள்ள இது போதாது. பார்த்தவர் தலையசைத்துவிட்டு வீட்டுக்குச் செல்வார்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேயிரே 1963-ல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்த காட்சிகளை வரைந்து முன்வைத்து, பாடத்தைச் சொல்லாமல் கேள்வியைக் கேட்டார். 1980-களின் இறுதியில் இராபர்ட் சேம்பர்சும், இந்தியாவில் ஆகாகான் ஊரக ஆதரவுத் திட்டம், மைராடா முதலிய அமைப்புகளும் இன்னும் ஒரு படி சென்றனர். படத்தை அலுவலர் வரைந்து கொண்டுவருவதை விடுத்து, கோலமாவு, செங்கல்பொடி, இலை, கூழாங்கல், விதை ஆகியவற்றைக் கொடுத்து ஊராரையே தரையில் வரையச் செய்தனர். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று வழங்கும் இம்முறை தென்னிந்தியாவில் விரைந்து பரவியதற்குக் கோலமும் ஒரு காரணமாக இருக்கலாம். தரையில் மாவைக்கொண்டு அளவு பிசகாமல் வரையும் திறன் இங்குப் பெண்களுக்குக் கைவந்த ஒன்று. தமிழ் பேசுவோர் மிகுந்த குப்பம் பகுதியிலும் மைராடா பல்லாண்டுகள் பணியாற்றியது. 2000-ல் ஆந்திரப் பிரதேசத்தின் ஆறு மாவட்டங்களில் தொடங்கிய வறுமை ஒழிப்புத் திட்டத்தில் சித்தூரும் ஒன்று. அங்கு ஏழைக் குடும்பங்களை அடையாளம் காண ஊராரே வரைந்த சமூக வரைபடம் பயன்பட்டது.

இத்தகைய வரைபடத்தின் நுட்பம் ஒன்றை அலுவலர்கள் மறத்தலாகாது. தாளில் வரைந்தால் எழுதுகோல் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும். தரையில் வரைந்தால் பத்துப் பேர் சுற்றி நிற்கலாம். ஒருவர் வைத்த கல்லை மற்றவர் நகர்த்தலாம். தவறைத் திருத்தும்போது ஆளைத் திருத்தவேண்டியதில்லை, கல்லைத் திருத்தினால் போதும். கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்கும் பெண்ணொருவர் குனிந்து ஒரு கூழாங்கல்லை நகர்த்தத் தயங்குவதில்லை.

கணக்குப் போடும் முறை

நிலத்தடி நீருக்கு இம்முறையை விரிவாகக் கையாண்டது, ஆந்திரப் பிரதேச உழவர் மேலாண்மை நிலத்தடி நீர்த் திட்டமாகும். நெதர்லாந்து அரசின் உதவியுடன் 2003-ல் தொடங்கி, பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் ஏறத்தாழ 2009 வரை நடைபெற்ற இத்திட்டம் அனந்தப்பூர், சித்தூர், கடப்பை, கர்நூல், மகபூப்நகர், நல்கொண்டா, பிரகாசம் ஆகிய ஏழு மாவட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் செயற்பட்டது. புதிய கிணறு வெட்டித் தருவதோ மானியம் வழங்குவதோ இதன் நோக்கம் அன்று. உழவர்களே அளந்து, அவர்களே எழுதி, அவர்களே கணக்கிடவேண்டும் என்பதே இதன் உள்ளீடு.

முதற்படி, நீரின் எல்லையை அறிவது. வருவாய்க் கிராமத்தின் எல்லைக்கும் நீரின் எல்லைக்கும் தொடர்பில்லை. எந்தெந்த ஊர்களில் பெய்யும் மழை ஓரிடத்தில் வந்து சேர்கிறதோ, அவை யாவும் ஒரே வடிநிலம். உழவர்கள் நடந்து சென்று இந்த எல்லையைக் கண்டு வரைபடமாக்கினர். பல தலைமுறைகளாகப் பகைமை பாராட்டிய இரண்டு ஊர்கள் ஒரே வடிநிலத்தில் அமைந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது அளத்தல். மழைமானியை உழவர் ஒருவரே பொறுப்பேற்று நாள்தோறும் அளந்தார். தேர்ந்தெடுத்த கிணறுகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் அளக்கப்பட்டது. இறைக்கும் நீரை அளக்கப் பீப்பாயும் கடிகாரமும் போதும். 200 லிட்டர் பீப்பாய் 50 நொடியில் நிரம்பினால், நொடிக்கு 4 லிட்டர். மணிக்கு 14,400 லிட்டர். நாளைக்கு 7 மணி நேரம் இறைத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர், அதாவது 100 கன மீட்டர். 120 நாள் பயிருக்கு இவ்வாறு இறைத்தால் 12,000 கன மீட்டர். இந்த எண்களை ஊரின் பொதுவிடத்தில் சுவர்ப்பலகையில் எழுதி வைத்தனர்.

மூன்றாவது படியான பயிர் நீர்க் கணக்கே இம்முறையின் உயிர்நாடியாகும். மழைக்காலம் முடிந்து ரபி விதைப்புக்கு முன்பு வடிநிலத்து உழவர்கள் கூடுவர். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. கணக்கின் போக்கை விளங்கிக்கொள்ள, மாணவர்களுக்காகக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

1,000 எக்டேர் பரப்புள்ள வடிநிலத்தில் 700 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கொள்வோம். ஓர் எக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10 கன மீட்டர் நீர். ஒரு பெரிய தண்ணீர் லாரி அளவு. எனவே மொத்த மழை 70 லட்சம் கன மீட்டர். கேட்பவருக்கு இது கடலாகத் தோன்றும். ஆனால் இத்தகைய பாறை நிலத்தில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குச் செல்கிறது என்று கொண்டால், கையில் இருப்பது 7 லட்சம் கன மீட்டர். வடிநிலத்தில் 2,000 பேர் வாழ்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் ஆண்டுக்குச் சுமார் 40,000 கன மீட்டர் குடிநீருக்கு வேண்டும். கால்நடைக்கும் சேர்த்து 50,000 ஒதுக்கினால் மீதி 6,50,000.

இனிச் செலவு. ஓர் எக்டேர் நெல்லுக்கு 12,000 கன மீட்டர் என்றால், இந்த நீர் 54 எக்டேருக்கு மட்டுமே போதும். ஓர் எக்டேர் நிலக்கடலைக்கு 5,000 கன மீட்டர் என்றால் 130 எக்டேருக்குப் போதும். கூட்டத்தில் உழவர்கள் ஒவ்வொருவராகத் தாம் பயிரிட எண்ணியிருப்பதைச் சொல்ல, அவை பலகையில் ஏறுகின்றன: நெல் 60 எக்டேர், நிலக்கடலை 40, தக்காளி முதலிய காய்கறிக்கு 6,000 கன மீட்டர் வீதம் 20 எக்டேர். நெல்லுக்கு 7,20,000, நிலக்கடலைக்கு 2,00,000, காய்கறிக்கு 1,20,000. ஆக மொத்தம் 10,40,000. துண்டு விழுவது 3,90,000 கன மீட்டர்.

இந்த எண்ணைக் கண்டதும் கூட்டத்தில் ஏற்படும் அமைதியே இம்முறையின் திருப்புமுனை. அலுவலர் ஒருவர் வந்து ‘நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்’ என்று கூறினால் அது அறிவுரை. தாம் அளந்த மழையையும், தாம் சொன்ன பயிரையும், தாமே கூட்டிக் கழித்துப் பார்த்த பின் வரும் பற்றாக்குறை அறிவுரை அன்று. அதனை மறுப்பதற்கு ஆள் இல்லை. துண்டு விழும் நீர் எவர் கிணற்றிலிருந்து குறையும் என்று பலகை சொல்வதில்லை. அந்த எண்ணம் அவரவர் மனத்தில் எழுகிறது.

இத்திட்டத்தில் எந்த உழவரும் பயிரை மாற்றும்படி கட்டாயப்படுத்தப்படவில்லை. நெல்லைக் குறைப்பதா, சொட்டுநீர்க் குழாய் அமைப்பதா, ஒரு பகுதியைத் தரிசாக விடுவதா என்பது அவரவர் முடிவு. கணக்கை ஊரே போட்டது. முடிவை வீடு எடுத்தது.

ஊக்குநரின் பணி

இத்தகைய கூட்டங்களை நடத்துபவரை ஊக்குநர் என்கிறோம். பெயர் எளிது, பணி கடினம். விரிவாக்க அலுவலர் பெற்ற பயிற்சி முழுவதும் விடை சொல்வதற்கானது. ஊக்குநருக்கோ வினாவே கருவி. வரைபடத்தில் ஒரு கிணறு தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தால், அதைத் திருத்தக் கை பரபரக்கும். திருத்திவிட்டால் அந்த நொடியிலிருந்து வரைபடம் அவருடையதாகிறது. ஊரார் பார்வையாளராகி விடுகின்றனர். சேம்பர்சு இதனைக் கோலைக் கைமாற்றுதல் என்று குறிப்பிட்டார். தரையில் சுட்டிக்காட்டும் கோல் எவர் கையில் இருக்கிறது என்பதைக் கொண்டே கூட்டத்தின் தன்மையை அளந்துவிடலாம்.

கூட்டம் நடைபெறும் இடமும் ஒரு செய்தியே. ஊர்ப் பெரியவரின் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ நடத்தினால், சிலர் வரமாட்டார்கள். வந்தாலும் வெளியே நிற்பார்கள். வரைபடத்தில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு எந்த ஓரத்தில், எத்தனை வீடுகளோடு, எப்போது வரையப்படுகிறது என்பதைக் கவனிக்கும் ஊக்குநர், ஓர் ஆய்வறிக்கை சொல்லாததை அறிந்துகொள்வார். பாசனக் கிணறு உடையவர்களைக் கொண்டே நீர்க் கணக்குப் போடப்படும்போது, நிலமற்றவருக்கு அதில் இருக்கும் ஒரே வரி குடிநீர்தான். அந்த வரியை முதலில் எழுதுவதா, மீதம் இருந்தால் எழுதுவதா? கணிதத்தில் இரண்டும் ஒன்றே. ஊரில் இரண்டும் ஒன்றல்ல.

குழு எங்கே சென்று சேரும் என்பதை ஊக்குநர் முன்கூட்டி அறிய முடியாது என்பதற்கு அண்டை மாவட்டமான நெல்லூரே சான்று. அங்கு 1990-களின் தொடக்கத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. படிப்பு வட்டத்தில் குடிப்பழக்கத்தால் குலைந்த குடும்பம் பற்றிய பாடத்தைப் படித்து விவாதித்த பெண்கள், எழுத்தோடு நிற்கவில்லை. 1992-ல் தூபகுண்டா சிற்றூர்ப் பெண்கள் சாராயக் கடையை மூடச் செய்தனர். கிளர்ச்சி சித்தூர் உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபர் முதல் மாநில அரசு சாராய விற்பனையைத் தடை செய்தது. எழுத்தறிவுக்கு நிதி ஒதுக்கிய அரசு, தனது ஆயத்தீர்வை வருவாயின் ஒரு பகுதியை இழக்க நேரிட்டது. குழுவைச் சிந்திக்கத் தூண்டும் அரசு, அந்தச் சிந்தனையின் விலையையும் கொடுக்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

சுவரில் ஓர் ஏணி

மறைந்துள்ளதைச் சுவரில் வரைந்து, அதனைப் பயன்படுத்துவோர் கையில் ஒப்படைக்கும் இக்கோட்பாடு நீருக்கு மட்டும் உரியதன்று. இதே வட்டாரத்தில் கல்வித் துறையிலும் அது பயன்பட்டுள்ளது. மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் ஊரகக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை 1980-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தது. பல வகுப்பு மாணவரும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் பயிலும் பள்ளியில் பாடநூல் பயன்படுவதில்லை. ஒரு வகுப்புக்கு ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர் சும்மா இருக்க வேண்டும். பாடத்திட்டமோ ஆசிரியரின் ஏட்டில் மறைந்திருக்கிறது.

இம்மையத்தினர் பாடத்திட்டத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அட்டைக்கும் விலங்கு, பறவை போன்ற சின்னம் ஒன்றை அளித்து, அச்சின்னங்களை வரிசைப்படுத்தி ஏணிபோல் சுவரில் மாட்டினர். குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தானே கண்டு, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்கிறது. படிக்கத் தெரியுமுன்பே சின்னத்தை அறியலாம். சில நாள் பள்ளிக்கு வராத குழந்தை விட்ட படியிலிருந்தே தொடங்குகிறது. கடலை பறிக்கும் காலத்தில் வருகை குறையும் ஊர்களில் இது சிறிய நன்மை அன்று.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இம்முறை செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் கையாளப்பட்டது. 2007-08-ல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. ஏணிப்படியும், குழந்தைகள் அமர்ந்தபடியே எழுதத்தக்க கீழ்மட்டக் கரும்பலகையும் அக்காலத்து வகுப்பறைகளில் பொதுக் காட்சியாயின. பின்னர் முறைகள் மாறின. இங்கு நாம் கருதுவது ஒன்றே: கரும்பலகை சில அடிகள் கீழே இறங்கியது பொருட்செலவு அதிகமில்லாத மாற்றம், ஆனால் சாக்குக்கட்டி எவர் கைக்கு உரியது என்ற கேள்விக்கு அது புதிய விடை அளித்தது. அந்த விடையை ஏற்பது பல ஆசிரியர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. மேலிருந்து வந்த ஆணையால் பரவிய இடங்களில் ஏணி சுவரில் இருந்தது, கற்பித்தல் பழையபடியே நடந்தது.

கணக்கின் எல்லை

நீர்க் கணக்குக்கு மீள்வோம். அது பயன் தந்ததா? 2010-ல் வெளியான உலக வங்கி அறிக்கை, திட்ட காலத்தின் மூன்றாண்டுகளில் 42 சதவிகித வடிநிலங்களில் ரபி பருவ நீர் இறைப்பு தொடர்ந்து குறைந்ததாகவும், 51 சதவிகிதத்தில் விட்டுவிட்டுக் குறைந்ததாகவும், 7 சதவிகிதத்தில் மட்டுமே கூடியதாகவும் தெரிவித்தது. எவரையும் கட்டாயப்படுத்தாத ஒரு திட்டத்துக்கு இது வியப்பூட்டும் பலன். ஆனால் 2012-ல் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் சார்பில் வெளியான ஆய்வு இந்த மதிப்பீட்டை மறுபரிசோதனைக்கு உட்படுத்தியது. மாணவர்கள் இரண்டையும் படித்தல் வேண்டும். மழை குறைந்த ஆண்டில் கிணறே வற்றி இறைப்புக் குறைவதுண்டு. சந்தை விலை காரணமாகவும் நெல் குறைவதுண்டு. இவற்றைச் சுவர்ப்பலகையின் பலனிலிருந்து பிரித்தறிவது எளிதன்று.

மற்றொரு முரண்பாடும் உண்டு. 2002-ல் ஆந்திரப் பிரதேசம் நீர், நிலம், மரங்கள் சட்டத்தை இயற்றி, புதிய கிணறுகளுக்கு அனுமதி பெற வேண்டும் என விதித்தது. 2004-ல் உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. ஒரு கை குழாயை அடைக்க, மறு கை திறந்தது. கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு இலவச மின்சாரம் எவ்வளவு ஆறுதல் அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இறைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் விலை சுழி என்று மின்கட்டணச் சீட்டு சொல்லும்போது, அதற்கு விலை உண்டு என்று ஊர்ச்சுவர் மட்டும் தனியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மகாராட்டிரத்தின் ஹிவரே பாஜார் ஊரில் கிராம சபை ஆண்டுதோறும் நீர்க் கணக்குப் பார்த்துப் பயிரை முடிவு செய்வதோடு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டது. அங்குக் கணக்கின் பின்னால் ஊரின் விதி நின்றது. சித்தூரில் கணக்கு மட்டுமே நின்றது. விதி அவரவர் மனச்சான்றாக இருந்தது. ஆயினும் ஒரு சிற்றூருக்கு நல்ல தலைமை வாய்ப்பது வேறு, ஏழு மாவட்டங்களில் முறையாகச் செய்வது வேறு. விதி இல்லாமலேயே இத்தனை உழவர்கள் தங்கள் கிணற்றின் அளவைப் பொதுச் சுவரில் எழுத முன்வந்ததைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. தன் கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது பெண் கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் விசாரிக்கும் செய்தியாகும்.

2020-ல் செயற்படத் தொடங்கிய அடல் நிலத்தடி நீர்த் திட்டம் கிராம ஊராட்சி அளவில் நீர்க் கணக்கையும், அதனைப் பொதுவிடத்தில் எழுதி வைப்பதையும் அரசின் நெறியாகவே ஆக்கியது. 6,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் குசராத், அரியானா, கருநாடகம், மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களுக்காகத் திட்டமிடப்பட்ட அதில் ஆந்திரப் பிரதேசம் இடம்பெறவில்லை.

இம்முறையை மேற்கொள்ள விரும்பும் அலுவலர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றுண்டு. அளவு நாடா, பீப்பாய், கடிகாரம், மழைமானி ஆகியவற்றின் விலை ஒரு பொருட்டன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிணறு கிணறாகச் சென்று அளந்து, சுவரில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதும் ஆளே இதன் அச்சாணி. திட்டக் காலத்தில் அவருக்குப் பயிற்சியும் பாராட்டும் கிடைக்கும், பார்வையாளர் வருவர். திட்டம் முடிந்த பின் அவர் எவருக்காக எழுதுகிறார் என்பதை ஊராட்சியின் வரவு செலவில் ஒரு வரியாக முன்பே சேர்த்தாக வேண்டும். மேலும், அலுவலக ஆண்டு மார்ச்சில் முடிகிறது. நீரின் ஆண்டு சூனில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. செலவு கணக்கு முடிக்கும் அவசரத்தில் பிப்ரவரியில் கூட்டப்படும் நீர்க் கணக்குக் கூட்டம் பயனற்றது; அப்போது நெல் வயலில் நிற்கும். உழவர் விதை வாங்குமுன், அக்டோபர் மழையை அளந்த கையோடு அது கூட்டப்பட வேண்டும்.